கோழிக்கு மேல், மாட்டுக்குக் கீழே

துரைக்கு யோசனைகள் பெரும்பாலும் பல் தேய்க்கும்போதுதான் வரும். வாயில் நுரையோடு ஓடிவந்து சொல்ல ஆரம்பிப்பார். மனைவி அருள்மேரிக்கு ஒரு வார்த்தையும் புரியாது. போய்க் கொப்பளித்துவிட்டு வருவதற்குள் பாதி யோசனை தண்ணீரோடு போயிருக்கும். இப்படி வாய் கொப்பளித்தே உலகத்துக்குத் தான் இழைத்த நஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல என்று துரையே சொல்லிக்கொள்வார்.

இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஜெயவேலுவின் கல்யாண மண்டபம். துரை அதில் மேனேஜர். மேனேஜர் என்றதும் கண்ணாடி அறையும் சுழல் நாற்காலியும் நினைவுக்கு வந்தால் அது துரையின் குற்றமல்ல. மாப்பிள்ளை ரூமில் வெந்நீர் வரவில்லை என்றால் துரை, பந்தியில் தண்ணீர் பாட்டில் தீர்ந்தால் துரை, மேளக்காரர் செருப்பைக் காணோம் என்றாலும் துரை. கூப்பிட வசதியாக இரண்டெழுத்தில் பெயர் வைத்த அப்பாவை அவர் அடிக்கடி நினைத்துக்கொள்வார்.

கல்யாணம் பார்த்துப் பார்த்துக் கூட்டத்தின் கஷ்டங்கள் அவருக்கு அத்துப்படி. கஷ்டம் கண்ணில் பட்டால் போதும், தீர்வு உடனே முளைத்துவிடும். பஸ் ஸ்டாப்பில் உட்கார ஒரு பலகை. பஸ் வரும் நேரத்தில் அது தானே லேசாகச் சாய்ந்து, தூங்குகிற ஆளை எழுப்பி நிற்க வைத்துவிடும். ஒரு காலிங் பெல். அழுத்தினால் வீட்டுக்காரர் குளிக்கிறாரா, சாப்பிடுகிறாரா, வேண்டுமென்றே வராமல் இருக்கிறாரா என்று வெளியே நிற்பவருக்குச் சொல்லிவிடும். கொசுவைக் கொல்லாமல், பாவம் சேராமல், அப்படியே பக்கத்துத் தெருவுக்கு அனுப்பிவைக்கும் ராட்சத மின்விசிறி ஒன்றும் உண்டு. பக்கத்துத் தெருவில் அவருடைய சொந்தத் தங்கை இருந்ததால் அந்தத் திட்டம் குடும்பக் காரணங்களுக்காகக் கைவிடப்பட்டது.

இவற்றையெல்லாம் தெருவின் வாட்ஸ்அப் குரூப்பில் குரல்பதிவாகப் போடுவார். குட்மார்னிங் படங்களுக்கும் தண்ணீர் லாரி செய்திகளுக்கும் நடுவே துரையின் குரல் வரும். ஊரப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் ஜாஸ்மின் அப்பாவின் பதிவுகளை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பாள். "அப்பா, நீ வேகமா பேசுனா புத்திசாலி மாதிரி இருக்க" என்று ஒருமுறை சொன்னாள். துரை அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வேகமாகவே பேச ஆரம்பித்தார். மகள் கேட்கும்போது அது கிளி கத்துவது போல இருந்ததாம்.

அவருடைய யோசனைகளில் ஒன்றே ஒன்றுதான் காகிதத்தையும் குரல்பதிவையும் தாண்டி ரோட்டுக்கு வந்தது. அது தனக்கே கேட்கும் ஹார்ன். காரணமில்லாமல் ஹார்ன் அடிப்பவனுக்கு அந்தச் சத்தம் அடுத்தவனைவிட இரண்டு மடங்கு கேட்டால், ஒரே மாதத்தில் தாம்பரம் அமைதிப் பூங்காவாகிவிடும் என்பது கணக்கு. தன் ஸ்கூட்டரின் ஹார்னைக் கழற்றி, ஹேண்டில்பாருக்கு நடுவில், தன் முகத்தைப் பார்க்கிற மாதிரி மாட்டினார். சர்வீஸ் ரோட்டில் வெள்ளோட்டம். எதிரே ஒரு மாடு வந்தது. துரை ஹார்ன் அடித்தார். மாடு சும்மா நின்றது. துரைதான் தூக்கிவாரிப்போட்டு, ஹேண்டிலை ஒடித்து, ஓரத்தில் இளநீர்க் குவியலுக்குள் போய் இறங்கினார்.

இளநீர்க்காரர் அவரைக் கைதூக்கிவிட்டு, "இன்னா சார், ஹார்ன் அட்சிட்டு நீயே பயந்துக்குற" என்றார்.

கண்டுபிடிப்பு சரியாகத்தான் வேலை செய்தது என்று துரை அவருக்கு விளக்கினார். முட்டி சிராய்ப்போடு, மண் அப்பிய சட்டையோடு, ஒரு இளநீரையும் குடித்துக்கொண்டே விளக்கினார். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

இது நடந்து சில மாதங்களில் ஆடி பிறந்தது. ஆடியில் மண்டபம் காலி. புறாக்கள் மட்டும்தான் வரும். அவையும் வாடகை தருவதில்லை. ஒரு நாள் ஜெயவேலு கணக்குப் பார்க்க வந்தபோது துரை மெல்லப் பேச்சை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெரு ஜனங்களைக் கூட்டலாம், ஊர் நன்றாக இருக்க ஆளாளுக்கு மனதில் ஒரு யோசனை இருக்கும், அதைச் சொல்லட்டும், யாரும் யாரையும் கிண்டல் செய்யக் கூடாது என்பது மட்டும் விதி. அந்த விதியை யாருடைய நலனுக்காக யோசித்தார் என்பது வெளிப்படை.

ஜெயவேலுவின் குடும்பம் இரும்புலியூரின் பழைய குடும்பம். மண்டபம் நிற்கிற இடத்தில் அவர் சின்ன வயதில் நாற்று நட்டிருக்கிறார். இப்போது ஏரிப் பக்கம் மிச்சமிருந்த நிலத்தை மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தார். அவர் துரையை மேலும் கீழும் பார்த்தார்.

"கூட்டத்துல கட்சி கிட்சி பேசுவாங்களா?"

"சேச்சே. வெறும் யோசனைதாண்ணா."

"சரி, வெச்சிக்கோ. ஏசி போடாத. ஆளுங்க சத்தம் போட்டா புறாவாவது போவும்."

முதல் ஞாயிற்றுக்கிழமை, சுண்டல் உண்டு என்று குரூப்பில் போட்ட பிறகு, நாற்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் ஒவ்வொருவராக உட்கார்ந்து பேசுவது என்று ஏற்பாடு. இட்லிக் கடை கங்கையம்மாள் முதலில் ஏறினார். ரோட்டில் குழி தோண்டினால், தோண்டியவர் பெயரையும் போன் நம்பரையும் அங்கேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும், விழுகிறவர் விழுந்த இடத்திலிருந்தே போன் போடலாம் என்றார். கைதட்டல் அள்ளியது. ரிட்டயர்டு ஆசிரியர் சாம்பசிவன், மின்சார ரயிலில் தூங்குகிறவர் இறங்குகிற ஸ்டேஷன் வந்ததும் தோளைத் தட்டுகிற சீட் வேண்டும் என்றார். தாம்பரத்தில் இறங்க வேண்டியவர் எத்தனை முறை கூடுவாஞ்சேரி போய்வந்தார் என்பதை விவரமாகச் சொன்னார். அதற்கும் கைதட்டல். துரைக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. தன் பலகையும் சாம்பசிவனின் சீட்டும் ஒரே ஜாதி. பலகைக்கு மட்டும் ஏன் யாரும் கைதட்டவில்லை?

கடைசியாகத் தானே நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் கையில் இருந்தது பெரிய திட்டம். மழைக்காலத்தில் ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு எந்திரம் தண்ணீர் ஏறுவதை அளக்கும். ஏறினால் சைரன் அடிக்கும். எல்லோர் போனுக்கும் செய்தி போகும். ஏரி மேல் ஒரு டிரோன் சுற்றிச்சுற்றி வந்து படம் எடுக்கும். டிரோன் என்று சொல்லும்போது கையை உயர்த்தி ஒரு சுற்றுச் சுற்றிக்காட்டினார்.

பிறகு யாரோ கேட்டார்கள், "மழைல டிரோன் பறக்குமா?"

பறக்காது. டிரோனை எடுத்துவிட்டார்.

"சைரனுக்குக் கரன்ட்டு? மழை வந்தா மொதல்ல அதானே போவுது?"

சைரனும் போயிற்று.

"அந்த மிஷினை யார் வாங்குறது? வாங்கி வெச்சா மறுநாள் அங்க இருக்குமா?"

எந்திரமும் போயிற்று. வெல்வெட் நாற்காலியில் துரை பெண் பார்க்க வந்து பிடிக்காமல் போன மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஏதாவது மிச்சம் வைக்க வேண்டுமே என்ற தவிப்பில், "சரி, செவுத்துலயாவது அளவு எழுதி வெக்கலாம்ல? கணுக்கால், முட்டி, இடுப்புன்னு. தண்ணி நிக்கும்போது யாராவது ஒரு போட்டோ எடுத்து குரூப்ல போட்டா, வண்டி போவுமா போவாதான்னு தெரியும்ல" என்றார்.

அப்போதுதான் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. தண்ணீருக்குக் கீழே ரோடு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியாமல் வண்டியை விட்டு இன்ஜினைக் கெடுத்துக்கொள்ளாத ஆள் அங்கே யாருமில்லை. கங்கையம்மாள் எழுந்து, "இத்த மொதல்லயே சொல்லிகினு போவறதுதானே. அதுக்கு இன்னாத்துக்கு ஆகாசத்துல சுத்துன?" என்றார். துரை வாழ்க்கையில் முதல்முறையாகக் கைதட்டல் வாங்கினார். தூக்கி எறிந்தது போக மிஞ்சியதற்குத்தான் கைதட்டல் என்பது உறைத்தாலும், அவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

அடுத்த வாரமே வேலை ஆரம்பமானது. தெருமுனைகளில் இருந்த வீட்டுக்காரர்கள் காம்பவுண்டுச் சுவரைக் கொடுத்தார்கள். அளவு எடுக்க ஓர் உடம்பு வேண்டும். துரை தன் உடம்பையே கொடுத்தார். அவர் குள்ளம். அவருடைய இடுப்பு சாம்பசிவனுக்குத் தொடை. இதைச் சுட்டிக்காட்டியபோது, பாதுகாப்புக்காகக் கொஞ்சம் தாழ்த்தியே வைப்பதுதான் விஞ்ஞானம் என்று சொல்லிச் சமாளித்தார்.

அந்தப் பகுதியிலேயே பள்ளமான இடம் மூணாவது தெரு முனை. அங்கே இருந்தது, சுற்றுச்சுவர் மட்டும் எழுப்பிய ஜெயவேலுவின் காலி மனை. "செவுத்துல கொஞ்சம் பெயின்ட் அட்சிக்கலாமாண்ணா" என்று துரை போனில் கேட்டார். நோட்டீஸ் ஒட்டாதே என்று எழுதப் போகிறார்கள் என நினைத்து அவர் சரி என்றார். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. துரை சிவப்புப் பட்டைகள் போட்டு, கணுக்கால், முட்டி, தொடை, இடுப்பு என்று எழுதினார். அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். கை சும்மா இருக்காமல், இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டு, 'போன மழைக்கு இதுவரை' என்றும் எழுதிவைத்தார். எழுதிவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்று ரசித்தார். கையெழுத்து அழகாக வந்திருப்பதாகக்கூட நினைத்தார்.

அந்த மனையைப் பார்க்க நங்கநல்லூரிலிருந்து சத்யநாராயணன் என்ற பாங்க் அதிகாரி வந்துபோனது துரைக்குத் தெரியாது. ரிட்டயராகி, வீடு கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தவர். அவர் சுவரைப் படித்தார். படித்துவிட்டு அங்கே நின்றபடியே ஜெயவேலுவுக்குப் போன் போட்டார்.

ஜெயவேலு மண்டபத்துக்கு வந்த வேகத்தில் புறாக்கள் எல்லாம் ஒரேயடியாகப் பறந்தன.

"தொர, என் எடத்த விக்க வுடக்கூடாதுன்னு யார்னா உனக்குச் சொல்லிக் குடுத்தாங்களா?"

"ஐயோ, அது ஜனங்க நல்லதுக்குண்ணா."

"நானும் ஜனந்தான். எனக்கு இன்னா நல்லது? அவரு கேக்குறாரு, இது மனையா, கொளமான்னு. பசங்க வெளையாட்டா எய்திருக்கானுங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். இன்னிக்கே அழி."

சமுதாய மாற்றத்துக்காக வேலையைத் துறந்தவர்கள் பற்றித் துரை நிறையப் பேசியிருக்கிறார். இப்போது தனக்கு அந்த வாய்ப்பு வீடு தேடி வந்திருந்தது. "சரிண்ணா, அழிச்சிட்றேன்" என்றார். பதில் சொல்ல அவருக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

வீட்டுக்குப் போய் வெள்ளைப் பெயின்ட் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தபோது அருள்மேரி பால்வாடியிலிருந்து வந்தார். அவர் அங்கே டீச்சர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எழுத்துதானே பிரச்சினை? அழிச்சிட்டு, அந்தந்த ஒசரத்துல பொம்மை போட்டு வுடுங்க. எங்க பால்வாடிச் செவுரு ஃபுல்லா கோழியும் ஆடும்தான். யார் போன் போட்டுக் கேக்குறாங்க?"

துரைக்குப் பளிச்சென்றது. கணுக்காலுக்குக் கோழி, முட்டிக்கு நாய், தொடைக்கு ஆடு, இடுப்புக்கு மாடு. தெரு ஜனங்களுக்கு மட்டும் அர்த்தம் தெரிந்தால் போதும். "இத நானே சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். அருள்மேரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதால் அவர் முகம் என்ன ஆனது என்று தெரியவில்லை.

"பால்வாடில அட்டையில வெட்டுன அச்சு இருக்குது. கொண்டாரட்டா? வெச்சி அடிச்சா அப்படியே வந்துடும்."

"வேணாம், எனக்கு வரைய வரும்" என்றார் துரை. பள்ளிக்கூடத்தில் மாம்பழம் வரைந்து பரிசு வாங்கியதை ஞாபகப்படுத்தினார். மாம்பழத்துக்குக் கால் கிடையாது என்பதை அருள்மேரி ஞாபகப்படுத்தினார்.

எல்லாச் சுவர்களிலும் எழுத்தை அழித்து மிருகங்களை ஏற்றினார். ஜெயவேலு வந்து பார்த்தார். கோழியைப் பார்த்துச் சிரித்தார். "பார்க் மாதிரி கீதுடா. இப்டி போடுவியா, அத்த வுட்டுட்டு" என்று தோளில் தட்டினார். துரைக்கு வேலை தப்பித்த சந்தோஷமும், ஏமாற்றிவிட்ட கூச்சமும் ஒன்றாக வந்தன. இரண்டையும் கலந்தால் வருகிற நிறம் எது என்று அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, மாட்டுக்கு வால் விட்டுப்போனது ஞாபகம் வந்து, மூணாவது தெரு முனையில் பிரஷ்ஷோடு குந்தியிருந்தார். பின்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, கையில் குடை.

"நான் சத்யநாராயணன். இந்த இடத்தைப் பார்க்க வந்திருக்கேன். போன தடவை இங்கே வேற என்னமோ எழுதியிருந்ததே?"

துரை பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கினார். "ஆமா சார். பசங்க."

"பசங்களா? கையெழுத்து பெரியவங்களோடது மாதிரி இருந்தது."

கையெழுத்தை ஒருவர் கவனித்திருக்கிறார் என்று ஒரு கணம் பூரித்துப்போன தன் மனதைத் துரை பிறகு பலமுறை நொந்துகொண்டார்.

சத்யநாராயணன் சுவரருகே குனிந்து கோழியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், மேலே போய் மாட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை. பாங்க்கில் லோன் கேட்டு வந்தவர்களைப் பார்த்துப் பழகிய பார்வை. "நானும் என் சம்சாரமும்தான். பிள்ளைங்க வெளிநாட்டுல. இருக்கிற பணத்தைப் போட்டு இங்கே ஒரு வீடு, அவ்வளவுதான். நீங்க இந்தத் தெருக்காரர்தானே? சொல்லுங்க, போன மழையில தண்ணீர் எந்த மிருகம் வரைக்கும் வந்தது?"

துரை ஆட்டோவைப் பார்த்தார். ஆகாயத்தைப் பார்த்தார். தூரத்தில் மண்டபத்தின் உச்சி தெரிந்தது, அதையும் பார்த்தார். ஏரியைப் பற்றி, காற்றோட்டத்தைப் பற்றி, ஸ்டேஷன் எவ்வளவு பக்கம் என்பதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சத்யநாராயணன் குறுக்கே பேசாமல் காத்திருந்தார். ஸ்டேஷனும் தீர்ந்துபோனபோது துரைக்குச் சொல்ல வேறொன்றும் மிச்சமில்லை.

"மாட்டு வயித்துக்கு, சார்" என்றார்.

"தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு அவர் ஆட்டோவில் ஏறிப் போனார்.

துரை வாலை முடிக்கவில்லை. வீட்டுக்குப் போய் அருள்மேரியிடம் வேலை போய்விட்டது என்றார். யார் சொன்னது என்று கேட்டதற்கு, இன்னும் யாரும் சொல்லவில்லை என்றார். அன்றைக்கு முழுக்க, ஜெயவேலுவிடம் நிமிர்ந்து நின்று பேச வேண்டிய வசனங்களை மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். உண்மை, மனசாட்சி, இருபது வருஷ உழைப்பு எல்லாம் அதில் வந்தன. பேசி முடித்ததும் எதிரில் கற்பனை ஜெயவேலு கண்கலங்கினார்.

நிஜ ஜெயவேலு மறுநாள் மண்டப வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் வசனமெல்லாம் மறந்துபோயிற்று.

"அந்த பாங்க் சார் வந்தாராமே. நீ அவராண்ட தண்ணி வந்தத சொன்னியா?"

"சொன்னேண்ணா."

"மாட்டு வயிறுன்னு?"

"ஆமாண்ணா."

ஜெயவேலு படியில் உட்கார்ந்தார். "அட்வான்ஸ் குடுத்துட்டாரு" என்றார். அவருக்கே நம்பிக்கை வராத குரல். "மெட்ராஸ் ஃபுல்லா எடம் பாத்தாராம். எங்க கேட்டாலும் இங்க தண்ணியே நிக்காது சார்னு சொன்னாங்களாம். செவுத்துல பொம்மை போட்டுக்கினு இருந்த ஒர்த்தருதான் உள்ளத சொன்னாரு, அதனால உன் பத்திரத்தயும் நம்பறேன்றாரு. மாட்டுக்கு மேல இருந்துதான் வூடு ஆரம்பிக்கப் போறாராம். கீழ வெறும் தூணாம்."

"உன்னத் திட்றதா, இன்னா பண்றதுன்னு தெரியல" என்று ஜெயவேலு எழுந்தார். "அப்பறமா பேசிக்கலாம்." அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டாவது நாள் காலையில் தெருக்களில் தண்ணீர் ஏறியது. குரூப்பில் செய்திகள் விழ ஆரம்பித்தன. நாலாவது தெரு, கோழி. கோயில் முனை, நாய். மூணாவது தெரு, ஆட்டைத் தாண்டிக்கினு கீது. வெளியூரில் இருந்த யாராவது அந்தக் குரூப்பைப் பார்த்திருந்தால் மாட்டுச்சந்தை என்று நினைத்திருப்பார்கள். ஜெயவேலுவின் குரல்பதிவு ஒன்றும் வந்தது: "தொர, என் காரு நாய் தாண்டுமா?"

பால்வாடியில் அன்றைக்கு ஏழெட்டுக் குழந்தைகள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டிய அம்மாக்கள் மழை வலுப்பதற்கு முன்பே கொண்டுவந்து விட்ட பிள்ளைகள். அருள்மேரி ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, "மெயின் வழியா வராதீங்க, ஆடு. நாலாவது தெரு சுத்தி வாங்க, அங்க கோழிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராக நடந்துவந்து, பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். துரையும் போய் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கணுக்கால் தண்ணீரில், சுவரில் தான் போட்ட கோழியைக் கடக்கும்போது, குழந்தை அதைக் காட்டி "காக்கா" என்றது. அவர் திருத்தவில்லை. மழை என்பதால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

அந்த நெகிழ்ச்சியைச் சாம்பசிவன் நீடிக்க விடவில்லை. மத்தியானம் அவருடைய குரல்பதிவு வந்தது. பின்னணியில் தண்ணீர் சலசலத்தது.

"துரை, போட்டோவைப் பார்த்து நாய்னு நெனச்சு ஸ்கூட்டரோட இறங்கிட்டேன். இது நாய் இல்லை, ஆடு. நான் இப்போ ஆட்டுக்குள்ள நிக்கிறேன்."

குரூப் இரண்டாகப் பிரிந்தது. அது நாய்தான் என்றவர்கள் வாலைக் காட்டினார்கள். ஆடு என்றவர்கள் கொம்பைக் காட்டினார்கள். அது காது என்று மறுத்தார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அனுப்பினார்கள். வரைந்தவரையே கேட்போம் என்று முடிவாகி, துரையிடம் கேட்டார்கள். துரை படத்தை நீண்ட நேரம் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய், சாம்பசிவனோடு சேர்ந்து ஸ்கூட்டரைத் தள்ளிக் கரையேற்றினார்.

மழை ஓய்ந்து சுவர்கள் காய்ந்ததும் அருள்மேரி பால்வாடி அச்சுகளைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் திரும்ப அடித்தார். ஆட்டுக்குத் தாடி வந்தது. துரை வரைந்த கோழியை மட்டும், குழந்தைகள் காக்கா என்று பழகிவிட்டதால், ஒரு சுவரில் அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஒரு யூடியூப் சேனல்காரர் கேள்விப்பட்டு வந்து துரையைப் பேட்டி எடுத்தார். துரை இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, சுவரைப் பற்றிக் கொஞ்சமும் ஹார்னைப் பற்றி நிறையவும் பேசினார். வந்த வீடியோவில் ஹார்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அருள்மேரி அச்சு வைத்துப் பெயின்ட் அடிப்பதுதான் முக்கால்வாசி. ஒரு ஓரத்தில் துரையின் முழங்கை தெரிந்தது. அதை அவர் எல்லோருக்கும் அனுப்பினார்.

வீடியோவைப் பார்த்துவிட்டு ஜாஸ்மின் குடியிருக்கும் ஊரப்பாக்கத்துத் தெருவிலிருந்து அழைப்பு வந்தது. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனும் பெண்டாட்டியும் அச்சுகளைப் பையில் சுருட்டிக்கொண்டு மின்சார ரயில் ஏறினார்கள். அந்தத் தெரு ஜனங்கள் ஏற்கெனவே சண்டையில் இருந்தார்கள். மாடு வேண்டாம், எருமை போடுங்கள், தண்ணீரென்றால் எருமைதான் பொருத்தம் என்று ஒரு கட்சி. எருமை போட்டால் வீட்டுக்கு ஆகாது என்று இன்னொரு கட்சி. துரையின் நாக்கு நுனியில் ஒட்டகம் என்று ஒரு யோசனை வந்து நின்றது. அருள்மேரி அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் அதை விழுங்கினார்.

கடைசியில் எருமை என்று முடிவாயிற்று. அதற்கு அச்சு இல்லை. அருள்மேரி ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து, சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, கத்தரிக்கோலால் வெட்ட ஆரம்பித்தார். கொம்பின் வளைவு ஒரே வீச்சில் வந்தது. சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பைக்கில் போன ஒருவர் நிறுத்தி, பெயின்ட் டப்பாவோடு நின்ற துரையிடம் கேட்டார்: "என்ன சார் நடக்குது இங்க? யார் இவங்க?"

"இன்ஜினியர்" என்றார் துரை. "நான் டப்பா தூக்குறவன்."

அருள்மேரி திரும்பாமலே கையை நீட்டினார். துரை டப்பாவைப் பக்கத்தில் கொண்டுபோனார்.